பின் தோள் தசையை வலுவாக்குவது எப்படி: கனத்தைக் குறைத்துத் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஜிம்மில் சேர்ந்த முதல் வருடம் முழுக்க நான் பின் தோளுக்கு 10 கிலோ டம்பெல் தூக்கினேன். தூக்கியதாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வதுதான் சரி. குனிந்து நின்று, இரண்டு கையையும் சிறகு மாதிரி விரித்து, 12 தடவை. மறுநாள் வலிப்பதோ கழுத்தடியும் நடு முதுகும். தோளின் பின்பக்கம் எதுவுமே நடக்காதது போல இருக்கும். ஒருநாள் பல வருட அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் டம்பெல்லை வாங்கி வைத்துவிட்டு 3 கிலோவை நீட்டினார். கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. அவர் சொன்னபடி மெதுவாகச் செய்தேன். எட்டாவது தடவையில் தோளின் பின்னால் தீ வைத்தது போல எரிந்தது. அந்த இடத்தில் ஒரு தசை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கால், மார்பு, முதுகு எல்லாம் கனம் ஏற ஏற வளரும். பின் தோளும் அப்படித்தான், ஆனால் அதற்கு ஒரு சிக்கல் உண்டு. கனம் கொஞ்சம் கூடினாலும் வேலை அதன் கையை விட்டுப் போய்விடும். ஏன் என்று பார்த்துவிட்டுப் பயிற்சிக்குப் போவோம்.

எந்தத் தசை, என்ன வேலை

தோளைத் தொப்பி போல மூடியிருக்கும் தசைக்கு டெல்டாய்டு என்று பெயர். முக்கோண வடிவில் இருப்பதால் கிரேக்க எழுத்தான டெல்டாவை வைத்து அந்தப் பெயர் வந்தது. இதற்கு முன், நடு, பின் என்று மூன்று பகுதிகள். முன் பகுதி கழுத்தடியில் இருக்கும் காறை எலும்பிலிருந்தும், நடுப் பகுதி தோளின் முனையிலிருந்தும், பின் பகுதி தோள்பட்டை எலும்பின் முதுகுப்பக்கம் குறுக்கே ஓடும் மேட்டிலிருந்தும் புறப்படுகின்றன. மூன்றும் மேற்கை (தோளிலிருந்து முழங்கை வரை உள்ள பகுதி) எலும்பின் வெளிப்பக்கம், ஏறக்குறைய நடுவில், ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன.

பின் பகுதியைத் தொட்டே கண்டுபிடித்துவிடலாம். சுவருக்கு முதுகைக் காட்டி நின்று வலது முழங்கையால் சுவரை லேசாக அழுத்துங்கள். இடது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வலது தோளின் பின்பக்கத்தைத் தொட்டால், இரண்டு விரல் அகலத்தில் ஒன்று இறுகுவது தெரியும். அதுதான்.

கையைப் பின்னால் இழுப்பது, தோள் உயரத்தில் இருக்கும் கையைப் பக்கவாட்டில் விரிப்பது, மேற்கையை வெளிப்பக்கமாகத் திருப்புவது ஆகியவை இதன் வேலைகள். திரைச்சீலையை ஒரே இழுப்பில் விலக்கும்போதும், இறுகிப்போன இழுப்பறையைத் திறக்கும்போதும் இது வேலை செய்கிறது. ஆனாலும் நம் அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை உடலுக்கு முன்னால்தான் நடக்கின்றன. ஜிம்மிலும் அதே கதைதான். புஷ்-அப், பெஞ்ச் பிரஸ், ஷோல்டர் பிரஸ் என எதை எடுத்தாலும் முன் தோளுக்குக் கூடவே வேலை கிடைத்துவிடும். பின் தோளை நாமாகத் தேடிப் போனால்தான் உண்டு.

தேடிப் போனாலும் அக்கம்பக்கத்தார் விடுவதில்லை. கழுத்திலிருந்து நடு முதுகு வரை விரிந்திருக்கும் ட்ராப்ஸ், தோள்பட்டை எலும்புகளை ஒன்றுசேர்க்கும் ராம்பாய்டு, அக்குளிலிருந்து இடுப்பு வரை இறங்கும் லாட்ஸ் எல்லாம் சேர்ந்து பின் தோளைப் போலப் பல மடங்கு பெரியவை. கனமான ஒன்றைத் தூக்கச் சொன்னால் உடல் அதைப் பெரிய தசைகளிடம் கொடுத்துவிடும். அது உடலின் குற்றம் இல்லை, புத்திசாலித்தனம். நான் 10 கிலோவைத் தூக்கிய வருடம் முழுவதும் நடந்தது இதுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின் தோளை வலுவாக்கினால் கூன் நிமிர்ந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஒரு நாளில் எட்டு மணி நேரம் குனிந்தே உட்கார்ந்திருப்பதை வாரத்துக்கு 40 நிமிடப் பயிற்சி மாற்றிவிடாது. நிமிர்ந்து உட்கார்வது முன்பு போலச் சிரமமாக இருக்காது, அவ்வளவுதான். அடிக்கடி எழுந்து நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: இப்போது எவ்வளவு வலு இருக்கிறது?

கட்டிலின் ஓரத்தில் குப்புறப் படுத்து ஒரு கையைக் கீழே தொங்கவிடுங்கள். கட்டைவிரல் மேலே பார்க்க, கையை நேராகப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி அப்படியே நிறுத்துங்கள். கையில் எந்தக் கனமும் வேண்டாம். எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். தோள் காதை நோக்கி ஏறினாலோ, கை இறங்க ஆரம்பித்தாலோ, உடம்பு ஒரு பக்கம் திரும்பினாலோ எண்ணிக்கையை நிறுத்திவிடலாம். மறு கைக்கும் இதையே செய்து இரண்டு எண்ணையும் தேதியோடு குறித்துவையுங்கள். இரண்டு கைக்கும் வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம், நிறையப் பேருக்கு அப்படித்தான் இருக்கும்.

படி 2: உடலைச் சூடாக்குவது

ஐந்து நிமிடம் போதும். கைகளை முன்னும் பின்னும் பெரிய வட்டமாகச் சுற்றுங்கள். தோள்பட்டைகளை மேலே, பின்னால், கீழே என்று மெதுவாக உருட்டுங்கள். பேண்ட் (பயிற்சிக்கான நீள ரப்பர் பட்டை) இருந்தால் லேசான ஒன்றை மார்புக்கு முன்னால் பிடித்து 15 தடவை விரித்து மூடுங்கள்.

படி 3: சுவரை அழுத்தித் தசையை எழுப்புவது

இதைப் பலர் விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் முதல் மாதத்தில் இதுதான் முக்கியமான பயிற்சி. சுவருக்கு முதுகு காட்டி, குதிகால் சுவரிலிருந்து அரை அடி தள்ளி இருக்கும்படி நில்லுங்கள். முழங்கைகளை மடக்கி, மேற்கைகளை உடலிலிருந்து 45 டிகிரி அளவுக்கு விலக்குங்கள். இப்போது முழங்கையின் பின்பக்கத்தால் சுவரை அழுத்தி 5 விநாடி பிடியுங்கள். முழு பலத்தையும் போட வேண்டியதில்லை, பாதி போதும். எட்டு முதல் பத்து தடவை செய்யுங்கள்.

அழுத்தும்போது இறுக்கம் எங்கே தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். கழுத்தில் தெரிந்தால் தோள்களைக் கீழே இறக்குங்கள். நடு முதுகில் தெரிந்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். தோளின் பின்பக்கத்தில் மட்டும் தெரியும் நிலையைப் பிடித்துவிட்டால், அடுத்த பயிற்சி பாதி கைவந்த மாதிரி.

படி 4: ரிவர்ஸ் ஃபிளை

பின் தோளுக்கு என்று ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் இதையே செய்யுங்கள். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கீழே தொங்கும் கைகளைச் சிறகு மாதிரி பக்கவாட்டில் விரித்துத் தூக்குவதுதான் ரிவர்ஸ் ஃபிளை. குனிந்து நின்றபடி இதைச் செய்வதுதான் வழக்கம். ஆனால் கொஞ்சம் களைத்ததும் இடுப்பு ஆட ஆரம்பிக்கும், அந்த ஆட்டத்தின் வேகத்திலேயே கனம் மேலே போய்விடும். அதனால் புதியவர்கள் இன்க்லைன் பெஞ்சை 30 முதல் 45 டிகிரி வரை சாய்த்து, அதில் மார்பைப் பதித்துப் படுத்துச் செய்வதே நல்லது. வீட்டில் என்றால் கட்டிலின் ஓரத்தில் குப்புறப் படுத்து ஒவ்வொரு கையாகச் செய்யலாம்.

கனம் 2 அல்லது 3 கிலோ. டம்பெல் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறக்குறைய ஒரு கிலோ, அதிலிருந்து தொடங்குங்கள். குறைவாக இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். கூச்சப்பட்டு ஒரு வருடத்தை வீணாக்கிய ஆள் சொல்கிறேன்.

உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி பிடியுங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்கும் பிடியைவிட இதில் பின் தோளுக்கு வேலை அதிகம். முழங்கையைக் கொஞ்சமாக மடக்குங்கள், பிறகு அந்த மடிப்பு மாறவே கூடாது. மேலே போகும்போது மடிப்பு கூடினால் அது இழுக்கும் பயிற்சியாக மாறி முதுகு உள்ளே வந்துவிடும். மடிப்பு விரிந்தால் கையின் பின்பக்கத் தசை வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

இனி அசைவு. டம்பெல்லை மேலே தூக்குவதாக நினைக்காமல், இரண்டு பக்கச் சுவர்களை நோக்கித் தள்ளுவதாக நினையுங்கள். எனக்கு இந்த ஒரு நினைப்பே பாதிப் பிழைகளைச் சரிசெய்தது. மேலே தூக்க நினைத்தால் தோள் ஏறும், பக்கத்தில் தள்ள நினைத்தால் கை நீளும். கைகள் தோளுக்கு நேராகவோ அதற்குச் சற்றுக் கீழாகவோ போகட்டும். காது பக்கமாகப் போனால் ட்ராப்ஸ் குறுக்கே வரும்.

தோள்பட்டை எலும்புகளை முதலிலேயே ஒன்றோடொன்று இறுக்கிக்கொள்ளாதீர்கள். முதுகுக்கான பயிற்சிகளில் ட்ரெய்னர்கள் அப்படி இறுக்கச் சொல்வார்கள், அங்கே அது சரி. இங்கே இறுக்கினால் ராம்பாய்டும் ட்ராப்ஸும் முந்திக்கொள்ளும். அதற்காக எலும்புகளைக் கட்டிப்போட்டது போல வைத்திருக்கவும் வேண்டாம், கை போகும் போக்கில் இயல்பாக அசையட்டும். மேற்கை தோள் உயரத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போகும் தூரமெல்லாம் முதுகின் கணக்கில்தான் சேரும்.

மேலே போக இரண்டு விநாடி, அங்கே ஒரு விநாடி நிறுத்தம், கீழே வர மூன்று விநாடி. இந்த நிறுத்தம் ஒரு சோதனையும்கூட. ஒரு விநாடி நிறுத்த முடியவில்லை என்றால் கனம் அதிகம், அதைப் பற்றி வாதமே வேண்டாம்.

ஒரு செட் (நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று) முடிந்ததும் கழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். கழுத்தோரம் விண்ணென்று இருந்தால், அந்த செட்டில் பின் தோளைவிட ட்ராப்ஸ்தான் அதிகம் உழைத்திருக்கிறது. அடுத்த செட்டில் கனத்தைக் குறையுங்கள்.

படி 5: ஒருக்களித்துப் படுத்துச் செய்வது

ரிவர்ஸ் ஃபிளையில் ஒரு குறை உண்டு. கை நேராகத் தொங்கும்போது தசைக்குச் சுமையே இல்லை, கை தரைக்கு இணையாக வரும்போதுதான் சுமை உச்சத்தில் இருக்கும். அதாவது தசை நீண்டிருக்கும்போது ஓய்வு, சுருங்கியபிறகு வேலை. ஒருக்களித்துப் படுத்தால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும்.

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, தலையை இடது கையில் சாய்த்துக்கொள்ளுங்கள். வலது கையில் 1 அல்லது 2 கிலோ. கையை மார்புக்கு முன்னால், தோளுக்கு நேராக நீட்டி, தரைக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். அங்கிருந்து மெதுவாகக் கூரையை நோக்கி உயர்த்துங்கள். செங்குத்தாக நிற்கும்வரை போக வேண்டாம், முக்கால்வாசியில் நிறுத்தித் திரும்புங்கள். அதற்கு மேல் கனம் எலும்பின் மீது உட்கார்ந்துகொள்வதால் தசைக்கு வேலை இருக்காது. கீழே இறக்கும்போது நிதானம் வேண்டும், முதல் சில அங்குலத்திலேயே இதன் கடினம் தெரிந்துவிடும். உடம்பு பின்னால் உருண்டால் சுவரை ஒட்டிப் படுத்துக்கொள்ளலாம்.

படி 6: முழங்கையை விரித்து இழுக்கும் ரோ

பின் தோளுக்கும் கனம் கொடுக்கலாம் என்றால் அது இங்கேதான். இடது கையை பெஞ்சில் ஊன்றி, முதுகைத் தரைக்கு ஏறக்குறைய இணையாக வைத்து, வலது கையால் டம்பெல்லை மேலே இழுக்கிறோம், இப்படி இழுப்பதற்குத்தான் ரோ என்று பெயர். சாதாரண ரோவில் முழங்கை விலாவை உரசிக்கொண்டு இடுப்பு நோக்கிப் போகும், அது லாட்ஸுக்கானது. நமக்கு மேற்கை உடலிலிருந்து 60 டிகிரி அளவுக்கு விலகி இருக்க வேண்டும், டம்பெல் மார்பின் பக்கமாக வர வேண்டும். மேற்கை முதுகின் மட்டத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். இதில் முதுகுத் தசைகளும் வேலை செய்யத்தான் செய்யும், அதனால் கனத்தைக் கூட்டலாம். ஒரு செட்டுக்கு 10 முதல் 12 ரெப் (தடவை) வரும்படி தேர்ந்தெடுங்கள்.

படி 7: ஃபேஸ் புல்

பேண்டையோ ஜிம்மின் கேபிள் மெஷினில் உள்ள கேபிளையோ முகத்தின் உயரத்தில் கட்டிக்கொள்ளுங்கள். கட்டைவிரல்கள் உங்களைப் பார்க்கும்படி பிடித்து, முழங்கைகளை விரித்தபடி நெற்றியை நோக்கி இழுங்கள். முடிவில் இரண்டு முஷ்டியும் காதுகளுக்கு இருபுறமும், முழங்கையைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். மேற்கையை வெளிப்பக்கம் திருப்பும் வேலை இந்தக் கடைசித் திருப்பத்தில்தான் நடக்கிறது. பலரும் அதற்கு முன்பே கையைத் தொடங்கிய இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள், அப்புறம் ஃபேஸ் புல்லுக்கும் ரோவுக்கும் என்ன வித்தியாசம்?

பேண்ட் பயன்படுத்துவோர் ஒவ்வொரு முறையும் அதை வெளிச்சத்தில் நீட்டி, கீறலோ வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். முகத்துக்கு நேராக இழுக்கும் பயிற்சி இது, அறுந்தால் கண்ணில்தான் அடிக்கும். கதவில் மாட்டுவதானால், நீங்கள் இழுக்கும்போது கதவு திறக்காமல் இன்னும் இறுகச் சாத்திக்கொள்ளும் பக்கத்தில் நில்லுங்கள்.

ஜிம்மில் பெக் டெக் (உட்கார்ந்து மார்புக்குப் பயிற்சி செய்யும்) மெஷின் இருந்தால் அதில் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்து ரிவர்ஸ் ஃபிளை செய்யலாம். கைப்பிடி தோள் உயரத்துக்கு வரும்படி இருக்கையைச் சரிசெய்வது ஒன்றே வேலை. எந்தக் கருவியும் இல்லாதவர்களுக்குச் சுவர் அழுத்தமும், தரையில் குப்புறப் படுத்துக் கைகளைப் பக்கவாட்டில் தூக்கி நிறுத்துவதும் முதல் ஒரு மாதத்துக்குத் தாராளமாகப் போதும். மேசைக்கு அடியில் படுத்து அதன் விளிம்பைப் பிடித்து உடலை இழுக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். மேசை கவிழும், அதனால் எனக்கு அதில் விருப்பமில்லை.

வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு?

வாரத்தில் இரண்டு நாள், நன்றாகத் தேறி வந்தால் மூன்று. ஒரு பயிற்சி நாளுக்கும் அடுத்த பயிற்சி நாளுக்கும் இடையில் 48 மணி நேரமாவது இருக்கட்டும்.

முதல் 4 வாரம்: சுவர் அழுத்தம் 2 செட், ரிவர்ஸ் ஃபிளை 12 முதல் 15 ரெப் வீதம் 3 செட், பேண்டை மார்புக்கு முன்னால் விரிப்பது 15 முதல் 20 ரெப் வீதம் 2 செட். செட்டுகளுக்கு இடையில் 60 முதல் 90 விநாடி ஓய்வு.

5 முதல் 8 வாரம் வரை: சுவர் அழுத்தத்தை வார்ம்-அப்போடு ஒரு செட்டாகச் சேர்த்துவிட்டு, ரிவர்ஸ் ஃபிளை 3 செட் தொடரட்டும். ஒரு நாள் ஒருக்களித்த பயிற்சியை ஒவ்வொரு கைக்கும் 12 ரெப் வீதம் 2 செட், அடுத்த பயிற்சி நாளில் அதற்குப் பதிலாக விரிந்த முழங்கை ரோ 3 செட். முடிவில் ஃபேஸ் புல் 15 ரெப் வீதம் 2 செட்.

ஏற்கெனவே முதுகுக்கு நிறைய ரோ செய்பவர்களுக்குப் பின் தோள் அதிலேயே கொஞ்சம் வேலை பார்த்திருக்கும். அவர்கள் மேலே சொன்னதில் ஒரு செட்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

கனத்தை எப்போது கூட்டுவது? அவசரப்படாதீர்கள். 2 கிலோவிலிருந்து 3 கிலோவுக்குப் போவது கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் அது 50 சதவீத உயர்வு. 40 கிலோ பெஞ்ச் பிரஸ் செய்பவர் ஒரே நாளில் 60 கிலோ போடுவாரா? அதனால் முதலில் ரெப்பை 20 வரை ஏற்றுங்கள். 20 ரெப்பும் நிறுத்தத்தோடு, கழுத்து விண்ணென்று ஆகாமல், இரண்டு தடவை தொடர்ந்து வந்தால் கனத்தை ஒரு படி கூட்டி மறுபடி 12 ரெப்பில் தொடங்குங்கள்.

எந்த வலி சரி, எது சரியில்லை

செட்டின் கடைசியில் வரும் எரிச்சல் நல்லது. ஓரிரு நாள் தொட்டால் வலிக்கும் வலியும் சரி. மூட்டுக்குள் குத்துவது போலவோ, கையைத் தூக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் சுருக்கென்றோ வந்தால் அந்தப் பயிற்சியை அன்றைக்கு விட்டுவிடுங்கள். கனத்தைக் குறைத்தும் அடுத்த தடவை அதே இடத்தில் வந்தால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

விழுந்தபிறகு கையைத் தூக்க முடியாமல் போவது, தூக்கத்தைக் கலைக்கும் இரவு வலி, கை மரத்துப்போவது, இவற்றையெல்லாம் பயிற்சி செய்து சரிசெய்ய நினைக்கக் கூடாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும். தோள் மூட்டு விலகிய அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. டெல்டாய்டை இயக்கும் நரம்பு மூட்டுக்கு மிக அருகில், மேற்கை எலும்பைச் சுற்றி ஓடுகிறது. மூட்டு விலகும்போது அது நசுங்கலாம், அப்போது தோளின் வெளிப்பக்கத் தோலில் ஒரு திட்டு மரத்துப்போயிருக்கலாம். அப்படி இருந்தால் பரிசோதிக்காமல் ஒரு கிலோகூடத் தூக்காதீர்கள். நெஞ்சில் அழுத்தத்தோடு தோளிலும் கையிலும் வலி பரவினால் அது தசை விஷயமே இல்லை, உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

எட்டாவது வார முடிவில்

குறித்துவைத்த தேதியையும் எண்களையும் எடுத்து, அதே கட்டிலில் அதே சோதனையைச் செய்யுங்கள். கண்ணாடியில் வித்தியாசம் தெரிவதற்கு முன்பே இந்த விநாடிக் கணக்கு கூடியிருக்கும். வலது, இடது வித்தியாசம் குறையவில்லை என்றால், அடுத்த எட்டு வாரத்துக்குப் பலவீனமான கையில் தொடங்குங்கள். அது எத்தனை ரெப் செய்ததோ அத்தனையோடு மறு கையையும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் இப்போது ரிவர்ஸ் ஃபிளைக்கு 6 கிலோ எடுக்கிறேன். அந்த 10 கிலோ டம்பெல்லை ரோவுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.